வீட்டு முயல் திடீரெனச் சினையானால்…

(கிராம நேயர்களுக்காக வானொலியில் பேசிய பேச்சு)



வழக்கமா இந்த நேரத்திலே நெல்லைப் பற்றியும் வாழையைப் பற்றியும், விட்டால் கறவை மாட்டைப் பற்றியும் பேசுவோம். இன்றைக்கு ஒரு சின்ன ஜீவனைப் பற்றிப் பேசப் போகிறேன். நம்ம ஊர் வீடுகளிலே பிள்ளைகள் விளையாட முயல் வாங்கி விடுகிறது இப்போ சாதாரணமாகப் போய்விட்டது. வாங்கி விடுகிறோம், கீரைத் தண்டும் காரட்டும் போடுகிறோம். ஒருநாள் காலையிலே எழுந்து பார்த்தால் கூண்டிலே குட்டி! அப்புறம்தான் என்ன செய்கிறது, யாரைக் கேட்கிறது என்று வீடே அல்லாடும்.

ஸ்ரீவைகுண்டம் பக்கம், தென்கால் பாசனத்திலே வாழை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பேத்திக்காக இரண்டு முயல் வாங்கினார். விற்றவர், "ரெண்டும் பெட்டைதான், பயப்படாதீக" என்று சத்தியம் செய்து கொடுத்தார். நாலைந்து மாதம் போச்சு. ஒருநாள் அந்த வீட்டு ஆச்சி எனக்குப் போன் பண்ணினார்கள். "ஏ தம்பி, இந்த முயலு தன் நெஞ்சு மயிரைத் தானே பிய்ச்சுப் போடுது. சொறியா இருக்குமோ? வேப்பெண்ணெய் தடவட்டுமா?" நானும் வேறு வேலை அவசரத்திலே, "சொறியாத்தான் இருக்கும் ஆச்சி, நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் போனேன். ஏழு குட்டி போட்டிருந்தது. மூணு, ஈரச் சிமெண்டுத் தரையிலே விறைத்துக் கிடந்தது. இரண்டை எறும்பு அரித்துவிட்டது. மிச்சம் இரண்டுதான் பிழைத்தது. அந்தப் பிள்ளை அழுத அழுகை இன்னும் என் காதிலே இருக்கிறது. ஒரு சின்னப் பெட்டியும் இரண்டு கை வைக்கோலும் இருந்தால் ஏழையும் காப்பாற்றி இருக்கலாம். போனில் இரண்டு கேள்வி கூடக் கேட்டிருந்தால் எனக்கே விஷயம் விளங்கியிருக்கும். அந்தத் தப்பு என்னோடு போகட்டும், உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம் என்றுதான் இந்தப் பேச்சு.

எப்படிச் சினையானது?

முதலில் எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். "ரெண்டும் பெட்டைன்னுதானே சொன்னாக?" சொன்னவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட முயல் குட்டியிலே ஆண் பெண் பார்க்கிறது பழகினவர்களுக்கே தவறும். வால் அடியிலே உள்ள உறுப்பை மெதுவாக விரித்துப் பார்த்தால், ஆணுக்கு வட்டமாகக் குழல் மாதிரி வெளியே வரும். பெண்ணுக்கு நீளவாக்கில் கீறல் மாதிரி தெரியும். ஆணுக்கு விதை இறங்கி வெளியே தெரிய மூணு மாதம் ஆகிவிடும். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று நிற்காமல், மூணு மாதத்திலே இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும்.

சின்ன ஜாதி முயல் நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பெரிய ஜாதிக்கு ஐந்து, ஆறு மாதம், சிலதுக்கு அதற்கு மேலும் ஆகும். மாடு ஆடு மாதிரி இதற்கு இருபது நாளைக்கு ஒருமுறை பருவம் என்று கணக்குக் கிடையாது. ஆணோடு சேர்ந்த பிறகுதான் பெண் முயலுக்குக் கருமுட்டை வெளியே வரும். சேர்ந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரத்திலே அது நடந்துவிடும். சேருகிறதும் சில விநாடி வேலைதான். "அஞ்சு நிமிஷம்தான் ஒண்ணா விட்டோம்" என்று சொல்கிறவர்கள் வீட்டிலேயும் குட்டி பிறக்கிற காரணம் இதுதான்.

இன்னொன்று. "எங்க வீட்டிலே ஒரே முயல்தான், வயக்காட்டு முயல் ராத்திரி வந்து சேர்ந்திருக்கும்" என்று சிலர் சொல்கிறதுண்டு. அது நடக்காத காரியம். நம்ம வரப்பிலேயும் வல்லநாட்டுப் பக்கத்துப் பொட்டல்களிலேயும் ஓடுகிற காட்டு முயல் வேறு ஜாதி, வீட்டு முயல் வேறு ஜாதி. காட்டு முயலின் குட்டி கண் திறந்து, மயிரோடு பிறக்கும். வீட்டு முயலின் குட்டி கண் மூடி, வெறும் தோலோடு பிறக்கும். இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. காட்டு முயலைப் பிடிக்கிறதோ வளர்க்கிறதோ 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

முதல் வேலை: ஆணைப் பிரியுங்கள்

சந்தேகம் வந்த அன்றைக்கே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றிவிட வேண்டும். இதைத் தள்ளிப் போடவே கூடாது. ஏனென்றால், குட்டி போட்ட அன்றைக்கே பெண் முயல் மறுபடி சினை பிடித்துவிடும். சினைக்காலம் சுமார் 31 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஈற்றுக்குப் பிறகும் ஆண் கூடவே இருந்தால் 31-ஆம் நாள் இரண்டாவது ஈற்று, 62-ஆம் நாள் மூணாவது, 93-ஆம் நாள் நாலாவது. ஈற்றுக்கு ஆறு குட்டி என்று வைத்தாலும் மூணு மாதத்திலே 24 குட்டி. அதற்கடுத்த மாதம் முதல் ஈற்றுப் பெட்டைகளே பருவத்துக்கு வந்து நிற்கும். தாய் முயலோ ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் வயிற்றிலே சுமந்துகொண்டு, எலும்பும் தோலுமாக ஆகிவிடும். நான் சொன்ன அண்ணாச்சி வீட்டிலே இதுவும் நடந்தது. ஆணைப் பிரிக்கச் சொன்னதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டார். சரியாக 31-ஆம் நாள் அடுத்த ஈற்று.

நாள் கணக்கு

சேர்ந்த தேதி தெரிந்தால் அதிலிருந்து 30, 31, 32 நாளிலே குட்டி எதிர்பார்க்கலாம். தேதி தெரியாவிட்டால் ஆணைப் பிரித்த நாளைக் குறித்து வையுங்கள். மார்ச் 1-ந் தேதி பிரித்தீர்கள் என்றால், ஏப்ரல் முதல் வாரம் முடிவதற்குள் தெரிந்துவிடும். அதற்குள் எந்த நாளும் குட்டி வரலாம் என்று தயாராக இருக்க வேண்டும்.

சினையா இல்லையா என்று பார்க்க, பன்னிரண்டு நாளுக்கு மேல் வயிற்றைத் தடவினால் கோலிக்குண்டு மாதிரி தட்டுப்படும். ஆனால் பழக்கம் இல்லாதவர்கள் அழுத்திப் பார்க்காதீர்கள். கரு நசுங்கிக் கலைந்துவிடும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சில முயலுக்குப் பொய்ச்சினையும் வரும். சேர்க்கை நடந்தும் கரு தங்காமல், பதினாறு பதினெட்டு நாளிலேயே மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டும், குட்டி வராது. இரண்டு பெண் முயல் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால்கூட இது வருவதுண்டு. அதற்கு வைத்தியம் தேவையில்லை, தானே சரியாகும். என்றாலும் மயிரைப் பிடுங்குகிறது என்றால் குட்டி வருகிறது என்றே வைத்துக்கொண்டு பெட்டியை வைத்துவிடுங்கள். பெட்டி வீணாய்ப் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

தூக்குகிற விதத்திலே ஜாக்கிரதை வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு கை நெஞ்சுக்கு அடியிலே, ஒரு கை பின்புறத்தைத் தாங்கி இருக்க வேண்டும். பிடி நழுவி உதைத்ததென்றால் முதுகெலும்பு ஒடிந்துவிடும். சினை முயலைப் பிள்ளைகள் கையிலே கொடுக்காமல் இருப்பதே நல்லது.

தீனி

சினை முயல் என்றதும் நம்ம வீட்டுப் பெண்கள் மனசு இளகிப் போகும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிற உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் அதற்கும் கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டாம் தாயே! முயலின் குடல் புல்லுக்கு ஏற்பட்ட குடல். இனிப்பும் மாவும் அதிகமானால் வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, ஒன்றிரண்டு நாளிலே செத்துப்போகும்.

எந்நேரமும் கூண்டிலே புல் இருக்க வேண்டும். அருகம்புல், வேலிமசால், குதிரைமசால், அகத்தி, முருங்கைக்கீரை எல்லாம் நல்லது. பனி ஈரத்தோடு போடாமல், அறுத்துவந்து நிழலிலே உலர்த்திக் கொஞ்சம் வாடவிட்டுப் போடுங்கள். முயல் தீவனம் என்று கடையிலே விற்கிற குச்சித் தீவனம் கிடைத்தால், சினை முயலுக்குக் கொஞ்சம் கூட்டி, பால் கொடுக்கும்போது இன்னும் கூட்டிக் கொடுக்கலாம். புண்ணாக்கும் தவிடும் போடுகிறவர்கள், பூசணம் பிடித்ததை மறந்தும் போடாதீர்கள். தீனி எதுவானாலும் ஒரே நாளிலே மாற்றாமல், நாலைந்து நாளிலே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். கொழுக்க விடவும் கூடாது. கொழுத்த முயல், குட்டி போடுகிற நாள் நெருங்கும்போது திடீரென்று தீனியை விட்டுச் சோர்ந்து விழுந்துவிடும்.

நம்ம பகுதியிலே முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வாழைத் தோப்பிலேயும் வயல் வரப்பிலேயும் அறுக்கிற புல்லிலே மருந்து பட்டிருக்கலாம். குருணை மருந்து போட்ட வாழைக்கு அடியிலே முளைத்த புல் முயலுக்கு எமன். மருந்து போட்டது தெரிந்தால் அந்தப் பக்கம் புல் அறுக்கவே வேண்டாம். அரளி, எருக்கு, ஆமணக்கு, மரவள்ளி இலை, பார்த்தீனியச் செடி இவற்றையும் அண்ட விடாதீர்கள்.

தண்ணீர் எந்நேரமும் வேண்டும். "முயல் தண்ணி குடிக்காது, கீரையிலே இருக்கிற ஈரமே போதும்" என்று சொல்கிறது தப்பு. பால் கொடுக்கிற முயல், வெயில் காலத்திலே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடக் குடிக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் பால் வற்றும்.

குட்டி ஈனும் பெட்டி

27, 28-ஆம் நாளிலே பெட்டியை வைக்க வேண்டும். நாள் தெரியாதவர்கள் இன்றைக்கே வையுங்கள். அதிலே புழுக்கை போட்டால் சுத்தம் செய்து மறுபடி வையுங்கள். ஒன்றேகால் அடி நீளம், ஓரடி அகலம், முக்கால் அடி உயரம் போதும். தாய் உள்ளே போய்த் திரும்ப இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய பழப்பெட்டி இருந்தால் ஆணியெல்லாம் பிடுங்கிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கம் மட்டும் அரையடி உயரம் இருக்கும்படி வெட்டிவிடுங்கள். தாய் ஏறி இறங்கும். குட்டி வெளியே உருளாது. பனைஓலைக் கடகப்பெட்டியும் ஆபத்துக்கு உதவும், ஆனால் கடித்தே தின்றுவிடும்.

உள்ளே பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் உலர்ந்த மெல்லிய வைக்கோல் அல்லது காய்ந்த புல் நிறையப் போடுங்கள். பஞ்சும் நூல் துணியும் வேண்டாம். குட்டியின் காலிலே சுற்றி இறுக்கிவிடும். மிச்சக் காரியத்தைத் தாயே செய்துகொள்ளும். தன் நெஞ்சு மயிரையும் வயிற்று மயிரையும் பிடுங்கி மெத்தை போடும். அது சொறி இல்லை, தாய்மை. அதற்கு வேப்பெண்ணெய் தடவ வேண்டாம்.

எறும்பை மறக்காதீர்கள். கூண்டின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்திலே நிறுத்துங்கள். பூனை, எலி, சாரை, காகம் எதுவும் நுழையாதபடி சின்னக் கண் கம்பிவலை வேண்டும். கூண்டு தரையிலிருந்து இரண்டரை, மூணு அடி உயரத்திலே இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலே நம்ம மாவட்டத்திலே கொட்டின மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்திலே மட்டும் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்திலே ரயிலே நகர முடியாமல், ஏறியிருந்த ஜனங்கள் வெள்ளத்துக்கு நடுவிலே சிக்கிக் கிடந்தார்கள். அப்படி ஒரு மழையிலே தரையோடு கிடக்கிற கூண்டு என்ன ஆகும்? மழைக்காலத்திலே கூண்டைத் தூக்கித் திண்ணைக்கோ மாடிக்கோ கொண்டுபோகிற மாதிரி செய்துவையுங்கள்.

குட்டி போடுகிற நாள்

பெரும்பாலும் ராத்திரியிலோ விடியற்காலையிலோ போடும். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கூட்டம் கூடி, விளக்கடித்துப் பார்க்காதீர்கள். பயந்த தாய் குட்டியை மிதிக்கும், சில சமயம் கடித்தும் விடும். நாயைத் தூரத்திலே கட்டுங்கள். நஞ்சுக்கொடியைத் தாயே தின்றுவிடும். அதைப் பார்த்துக் குட்டியைத் தின்கிறது என்று பயப்படாதீர்கள்.

விடிந்த பிறகு தாய்க்குக் கொஞ்சம் கீரை போட்டுக் கவனத்தைத் திருப்பிவிட்டு, கையைக் கழுவி, அதன் புல்லிலேயே கையைத் தேய்த்துக்கொண்டு பெட்டியைப் பாருங்கள். செத்த குட்டியையும் ஈரமான வைக்கோலையும் எடுத்துவிடுங்கள். பெட்டிக்கு வெளியே கிடக்கிற குட்டி குளிர்ந்து செத்தது மாதிரி இருந்தாலும் உடனே தூக்கி எறிய வேண்டாம். உள்ளங்கையிலே பொத்தி, அல்லது வெந்நீர்ப் பாட்டிலைத் துணியிலே சுற்றிப் பக்கத்திலே வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். பல குட்டி அசைந்துவிடும். அசைந்த பிறகு மற்றதோடு சேர்த்துவிடுங்கள். நாம் தொட்டதனாலேயே பழகின முயல் குட்டியை ஒதுக்காது.

"பாலே கொடுக்க மாட்டேங்குது!"

இப்படிச் சொல்லிக்கொண்டு ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். பசு மாதிரி, நாய் மாதிரி முயல் குட்டியோடு படுத்துக் கிடக்காது. ஒரு நாளைக்கு ஒரே தடவை, சிலது இரண்டு தடவை, அதுவும் மூணு நாலு நிமிஷம்தான் பெட்டிக்குள்ளே போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடும். நரியும் பூனையும் குட்டி இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்காதபடி அது செய்கிற தந்திரம். பசும்பாலைவிட மூணு மடங்கு புரதமும் கொழுப்பும் உள்ள கெட்டிப் பால். அதனாலே ஒருவேளை போதும்.

ஆகவே தாயைப் பார்க்காதீர்கள், குட்டியின் வயிற்றைப் பாருங்கள். காலையிலே வயிறு உருண்டு, தோல் பளபளவென்று இருந்தால் பால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கி, வயிறு ஒட்டி இருந்தால் குடிக்கவில்லை. அப்போது தாயைப் பெட்டியிலே மெதுவாக விட்டு, தடவிக் கொடுத்துக்கொண்டே நாலு நிமிஷம் நிறுத்திப் பாருங்கள்.

தாய் செத்துப்போனால், நாலு நாள் முன்பின்னாகக் குட்டி போட்ட வேறு முயல் பக்கத்திலே இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதோடு சேர்ப்பதுதான் முதல் வழி. இல்லாவிட்டால் காய்ச்சி ஆற வைத்த ஆட்டுப்பாலை, சர்க்கரையோ தண்ணீரோ சேர்க்காமல், வெதுவெதுப்பாக, குட்டி குப்புற இருக்கும்படி பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஒரு நாளைக்கு இரண்டு மூணு வேளை கொடுக்கலாம். மல்லாத்திக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். கொடுத்த பிறகு ஈரப் பஞ்சாலே அடிவயிற்றைத் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் போகும். இத்தனை செய்தும் எல்லாம் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. பிழைக்காவிட்டால் பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரம்

அரை மணி நேரத்துக்கு மேல் முக்கியும் குட்டி வராவிட்டால். 33 நாள் தாண்டியும் போடாவிட்டால். போட்ட பிறகும் நாற்றத்தோடு வடிந்தால். காம்பு வீங்கிச் சிவந்தோ நீலம் பாய்ந்தோ சுட்டால். அரை நாள் தீனியும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். 1962 என்கிற எண்ணுக்குப் போன் செய்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியையும் கேட்கலாம். திருநெல்வேலி இராமையன்பட்டியிலே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலே இருக்கிற மனுஷ மாத்திரையைப் பொடித்துப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம். நமக்கு நல்லது செய்கிற சில மருந்து முயலின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

வெயிலும் அப்படித்தான். முயலுக்கு வேர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியே தள்ளும். கத்திரி வெயிலிலே, ஆனி ஆடி மேல்காற்றிலே தகரக் கூரைக்குக் கீழே விட்டால் சினை முயல் வாயைப் பிளந்து விழும். வேப்பமரத்து நிழல் வேண்டும். காற்று வருகிற பக்கம் ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கள். அந்த நாளிலே பெட்டியில் மயிர் அதிகமாக இருந்து குட்டி புழுங்கினால் மயிரைக் கொஞ்சம் குறையுங்கள்.

பிறகு?

பத்துப் பன்னிரண்டு நாளிலே கண் திறக்கும். மூணாவது வாரம் பெட்டியை விட்டு வெளியே வந்து புல் கொறிக்கும். ஐந்து ஆறு வாரம் தாயோடு இருக்கட்டும். மாதம் முடியுமுன் பிரித்து விற்காதீர்கள். பத்து வாரத்துக்குள் ஆணை ஒரு பக்கம், பெண்ணை ஒரு பக்கம் பிரித்துவிடுங்கள். அண்ணன் தங்கை என்கிற முறையெல்லாம் முயலுக்குத் தெரியாது.

குட்டி மிஞ்சிப் போனது என்று ஆற்றங்கரையிலே கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். கூண்டிலே பிறந்த முயலுக்கு ஒளியத் தெரியாது, ஒரு ராத்திரிகூடத் தாங்காது. வளர்க்கிற வீடு பார்த்துக் கொடுங்கள். கொடுக்கும்போது ஆணா பெண்ணா என்று சரியாகப் பார்த்துச் சொல்லிக் கொடுங்கள். ஆணையும் பெண்ணையும் சேர்த்தே வைக்க ஆசை இருந்தால், ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்யலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். செய்த பிறகும் ஒன்றரை மாதம் தனியாகத்தான் வைக்க வேண்டும்.

இது நல்ல தொழிலாக வரும்போல் இருக்கிறதே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீலகிரியிலே சாண்டிநல்லாவிலேயும், கொடைக்கானல் மலையிலே மன்னவனூரிலேயும் முயல் வளர்ப்புக்கு அரசு ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே குளிர்; நமக்கு வெயில். தொழிலாகச் செய்ய நினைத்தால் முதலில் போய்க் கற்றுக்கொண்டு பிறகு இறங்குங்கள். எதிர்பாராமல் பிறந்த ஏழு குட்டியை நம்பிக் கடன் வாங்கிக் கொட்டகை போடாதீர்கள்.

அந்த அண்ணாச்சி வீட்டிலே இரண்டாவது ஈற்றிலே ஆறு குட்டி பிறந்தது. அந்தத் தடவை பழப்பெட்டி இருந்தது, வைக்கோல் இருந்தது, கூண்டுக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணமும் இருந்தது. ஆறும் பிழைத்தது. ஆண் முயல் மட்டும் இப்போ தனிக் கூண்டிலே, ஆச்சி போடுகிற முருங்கைக்கீரையைத் தின்றுகொண்டு இருக்கிறது.

உங்கள் வீட்டிலே முயல் இருந்தால், இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு ஒருதரம் போய்ப் பார்த்துவிடுங்கள். ஆணா, பெண்ணா? தனியா, சேர்ந்தா? தண்ணீர் இருக்கிறதா?